பள்ளிக்கூடத்தில் பீர், வாசலில் குரங்குச் சமாதி

போன இதழில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மாட்டிக்கொண்டேன். 'நாங்கள் இருந்த ஊரில் மூடிப்போன பள்ளிக்கூடத்தில் பீர் காய்ச்சுவார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவோம்' என்று போகிற போக்கில் சொன்னேன். வழக்கமாக வரும் பாஸ்போர்ட், விசா கேள்விகளை எல்லாம் அமுக்கிவிட்டு அந்த ஒரு வரிக்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. சரி, இந்த இதழ் முழுக்க அந்த ஊர்தான். அமெரிக்காவின் தெற்கில், அலபாமா மாநிலத்தின் வடகோடியில் இருக்கும், ராக்கெட்டுக்குப் பேர்போன ஹன்ட்ஸ்வில். 2011-லிருந்து 2022 வரை அங்கே குடியிருந்தோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பதில்லை. எங்கள் கூட்டத்தில் திரும்பி வரும்போது கார் ஓட்டுகிற வேலை எப்போதும் என்னுடையது. அதனால் அந்த ஊர் ப்ரூவரிகளை, அதாவது பீர் காய்ச்சி விற்கிற இடங்களை, கடைசிவரை தெளிந்த கண்ணோடு பார்த்தவள் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மகன் ஹன்ட்ஸ்வில்லில் வேலை பார்க்கிறான். கோடைக்குப் போகிறோம். 'ஞாயிற்றுக்கிழமை ப்ரூவரிக்குப் போகலாம்மா, பாப்பாவுக்கும் பிடிக்கும்' என்கிறான். ஐந்து வயதுக் குழந்தையைச் சாராயக்கடைக்கு அழைத்துப்போவார்களா? நான் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்

டீச்சர், தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். அதுவும் நீங்கள் ஆசிரியை. அந்தக் கட்டடத்தை நீங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

முதலில் அது பட்லர் உயர்நிலைப் பள்ளி. பிறகு ஸ்டோன் மிடில் ஸ்கூல். பள்ளியை மூடிய பிறகு சில வருடங்கள் சும்மா கிடந்தது. 2016-ல் 'ஸ்ட்ரெயிட் டு ஏல்' என்ற உள்ளூர் ப்ரூவரி உள்ளே வந்தது. பக்கத்திலேயே 'எல்லோஹாமர்' என்ற இன்னொன்று. மொத்த வளாகத்துக்கும் இப்போது கேம்பஸ் 805 என்று பெயர். ஆனால் பள்ளிக்கூட வாசம் போகவில்லை. நீளமான தாழ்வாரம், சுவரோரம் பிள்ளைகள் புத்தகம் வைத்துப் பூட்டுகிற இரும்பு அலமாரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அதில் ஒரு வரிசை அலமாரி உண்மையில் கதவு. திறந்தால் பின்னால் ஒரு ரகசிய பார். எங்கள் மகளுக்கு அந்தக் கதவைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே போவதற்கான முழுக் காரணம். கண்டுபிடித்துவிட்ட பிறகு, புதிதாக வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் காட்டிக்கொடுப்பது காரணமாகிவிட்டது.

எங்கள் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தபோது உங்கள் முகம்தான் அவருக்கும். காரில் ஏறும்போதே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மதுக்கடை என்றால் கம்பிக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கி, சுவரோரமாக நின்று ஊற்றிக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு போகிற இடம். உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். மூக்கை இழுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, யாரோ ஹார்லிக்ஸ் காச்சறாங்களா?" என்றார்.

அன்றைக்குப் பின்பக்கம் அண்டாவில் தானியம் வெந்துகொண்டிருந்தது. அத்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட். ஹார்லிக்ஸுக்கும் அதுதான் அடிப்படை, பீருக்கும் அதுதான் அடிப்படை. மால்ட்டை உடைத்து வெந்நீரில் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைக் கலந்தால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். நம் வீட்டில் தோசை மாவு பொங்குகிற மாதிரிதான். இதைச் சொன்னதும் அத்தை முந்தானையைத் தளர்த்திவிட்டு, எத்தனை நாள் புளிக்கவிடுவார்கள், வெயில் காலத்தில் சீக்கிரம் புளித்துவிடாதா என்று கேட்க ஆரம்பித்தார்.

பாப்பாவுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றால், பழைய காலத்து பின்பால் விளையாட்டு, அட்டை விளையாட்டுகள், வெளியே உட்காரும் இடத்தில் மற்றவர்கள் கூட்டி வந்திருக்கும் நாய்கள். சாப்பாட்டுக்கு உள்ளேயே சமையலறை. குழந்தைகளின் பிறந்தநாளைக்கூட அங்கே கொண்டாடிப் பார்த்திருக்கிறேன். 'ரூட் பீர்' என்று மகன் வாங்கிக்கொடுத்தால் பயப்படாதீர்கள், பெயரில் மட்டும்தான் பீர். நன்னாரி சர்பத்தில் ஐயோடெக்ஸைக் கலந்த மாதிரி இருக்கும். பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு அதே இடம் வேறு இடம். சத்தம் கூடும், குழந்தைகள் குறைவார்கள், உங்கள் மகனும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்.

கேள்வி: அலுவலக வேலையாக இரண்டு வாரம் ஹன்ட்ஸ்வில் போகிறேன். அங்கே என்ன பீர் குடிக்க வேண்டும்? நேராகச் சொல்லுங்கள்.
- மென்பொருள் இளைஞர், சென்னை

என்னைக் கேட்கிறீர்கள்! வீட்டுக்காரரைக் கேட்டு எழுதுகிறேன். அவர் முதலில் சொன்ன பெயர் 'மங்கிநாட்'. ஸ்ட்ரெயிட் டு ஏல் காய்ச்சுவது. டப்பாவில் விண்வெளி உடை போட்ட குரங்கு இருக்கும், அந்தக் குரங்கின் கதையைக் கீழே ஒரு குட்டிப் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன், படித்துவிட்டுக் குடியுங்கள். அது ஐபிஏ வகை. முழுப்பெயர் இந்தியா பேல் ஏல். வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இங்கிருந்த துரைமார்களுக்கு வந்த, ஹாப்ஸ் தூக்கலான ஏல் என்ற பீரின் வாரிசு. நாம் ஒரு சொட்டுகூடக் காய்ச்சாமல் பெயரில் மட்டும் இடம் பிடித்துக்கொண்டோம். நல்ல கசப்பு. பாகற்காய் பிடிக்காதவர் என்றால் வேறு வகைக்குப் போங்கள்.

அதே இடத்தில் 'லைகா' என்று கன்னங்கரேலென்ற ஸ்டவுட் வகை பீர் ஒன்று உண்டு. 1957-ல் ரஷ்யர்கள் விண்வெளிக்கு அனுப்பிய நாயின் பெயர். இந்த வகை கடுமையானது, சின்னக் கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லோஹாமரில் ஜெர்மன் பாணி இலேசான பீர்கள் நன்றாக இருக்கும் என்கிறார். எல்லோஹாமர் என்பது அலபாமாவின் மாநிலப் பறவை, ஒரு மரங்கொத்தி.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் 'ஃப்ளைட்' கேளுங்கள். ஒரு பலகையில் குழி போட்டு, நாலைந்து சின்னக் கிளாஸ்களில் வெவ்வேறு பீர் வைத்துத் தருவார்கள். ராக்கெட் ஊரில் ஃப்ளைட் என்றால் இதுவும் ஒன்று.

இன்றைக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதைப் பார்த்து எப்போதும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். தெற்கு மாநிலங்களில் தேவாலயத்தின் பிடி பலமானது. அலபாமாவில் மதுவே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டு வைத்திருக்கிற கவுன்டிகள், அதாவது நம் மாவட்டம் மாதிரியானவை, உண்டு. 2009 வரை 6 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் பீரை விற்கவே முடியாது. பீர் ரசிகர்கள் 'ஃப்ரீ தி ஹாப்ஸ்' என்று ஒரு இயக்கம் கட்டி, வருடக்கணக்கில் சட்டமன்றத்துக்கு நடையாய் நடந்து, அந்த வரம்பை 13.9 ஆக்கினார்கள். காய்ச்சுகிற இடத்திலேயே உட்கார்ந்து குடிப்பதற்கான கெடுபிடிகள் 2011-ல் தளர்ந்தன. வீட்டில் சொந்தமாகக் காய்ச்ச 2013-ல் அனுமதி. ப்ரூவரியிலிருந்து வீட்டுக்கு வாங்கிப்போக 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 288 அவுன்ஸ்தான். கணக்குப் போட்டால் 24 டப்பா. இதைக் கட்டுப்பாடு என்று எழுதி வைத்தவரை நான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருங்கள். 21 வயது ஆனதற்குச் சான்று கேட்பார்கள். எழுபது தாண்டி மீசை நரைத்த என் மாமனாரிடமே ஒரு இடத்தில் கேட்டார்கள். அன்று முழுக்க அவர் நடையே மாறிவிட்டது. அப்புறம், வாடகைக் கார் எடுத்தால் குடித்த நாளில் சாவியைத் தொடாதீர்கள். ரத்தத்தில் 0.08 சதவீதம் ஆனாலே கைது. விசாவில் இருப்பவருக்கு அது அந்த ஒரு ராத்திரியோடு முடிகிற விஷயம் இல்லை.

கேள்வி: ஆன்ட்டி, அந்த ஊரில் குரங்குக்குச் சமாதி இருக்கிறதாமே? அம்மா சொன்னாள். நிஜமா?
- ஐந்தாம் வகுப்பு மாணவி, ஈரோடு

நிஜம்தான் கண்ணு. அதன் பெயர் மிஸ் பேக்கர். அணில் குரங்கு என்கிற இனம். பெரு நாட்டில் பிறந்தது. எடை முன்னூற்றுச் சொச்சம் கிராம்தான், அதாவது உங்கள் வீட்டுத் தேங்காயை விடக் குறைவு.

1959 மே 28-ஆம் தேதி ஜூபிடர் என்ற ராக்கெட்டின் மூக்கில் வைத்து அதை அனுப்பினார்கள். கூடவே ஏபிள் என்று இன்னொரு குரங்கு, அதைவிடப் பெரியது. மொத்தப் பயணமே 16 நிமிடம். அதில் சுமார் 9 நிமிடம் எடையில்லாமல் மிதந்தன. கடலில் விழுந்த மூக்கைக் கப்பல்காரர்கள் எடுத்துத் திறந்தபோது இரண்டும் உயிரோடு இருந்தன. அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பி உயிரோடு திரும்பிய முதல் குரங்குகள் இவை. ஆனால் நாலு நாளில், உடம்பில் பொருத்தியிருந்த கருவியை எடுக்க மயக்க மருந்து கொடுத்தபோது ஏபிள் இறந்துவிட்டது.

மிஸ் பேக்கர் மட்டும் வாழ்ந்தது, ரொம்ப நாள். 1971-ல் ஹன்ட்ஸ்வில் ராக்கெட் மையத்துக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதற்குக் கடிதம் எழுதுவார்கள். 1984-ல், 27 வயதில் இறந்தது. மையத்தின் வாசலிலேயே புதைத்து, கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதன் துணையும் பக்கத்திலேயே. கல்லின்மேல் யாராவது ஒரு வாழைப்பழம் வைத்திருப்பார்கள். எங்கள் மகள் முதல் தடவை போனபோது பையில் வாழைப்பழம் இல்லை. டிபன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஆப்பிளை எடுத்து வைத்துவிட்டு, "பரவாயில்லையா?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டாள். அடுத்த தடவை மறக்காமல் இரண்டு பழம் கொண்டுவந்தாள், ஒன்று பழைய பாக்கியாம்.

கேள்வி: ராக்கெட் மையத்துக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? எனக்கு மூட்டு வலி.
- வாசகர், திருச்சி

ஒரு முழு நாள். மூட்டு வலிக்கு அரை நாள், பார்க்க வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் போதும்.

யு.எஸ். ஸ்பேஸ் அண்ட் ராக்கெட் சென்டர் 1970-ல் திறந்தது. நெடுஞ்சாலையில் வரும்போதே ஒரு சாட்டர்ன்-5 ராக்கெட் நெட்டுக்குத்தாக நிற்பது தெரியும். அது வெறும் மாதிரி வடிவம். அசல் உள்ளே படுத்திருக்கிறது. திருச்சிக்காரருக்குச் சொல்கிறேன்: உங்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இந்த ராக்கெட் 363 அடி. கோபுரத்தை ஒன்றரை மடங்காக்கி, சாய்த்து, ஒரு கூடத்துக்குள் தாங்கிகள்மேல் படுக்கவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடியில் நடந்து போகலாம். அடிப்பக்கத்தில் ஐந்து எஞ்சின் வாய்கள், ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் உள்ளே நின்று படம் எடுத்துக்கொள்கிற அகலம். இது நிலவுக்குப் போனதல்ல. போகப்போகிறவை அதிர்வைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள அந்த ஊரிலேயே வைத்து ஆட்டிப் பார்த்தது. சாட்டர்ன்-5ஐ உருவாக்கியதே இந்த ஊரிலுள்ள நாசாவின் மார்ஷல் மையம்தான்.

அதே கூடத்தில் 1972-ல் நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ-16 கலம் இருக்கிறது. பெயர் காஸ்பர். நான் ஒவ்வொரு முறையும் அதன் முன்தான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். அடிப்பக்கம் கருகி, செதில் செதிலாக, நாள்பட்ட தோசைக்கல்லின் பின்புறம் போல. பூமிக்குத் திரும்புகிற வேகத்தில் காற்று உரசி எரிந்தது அது. மூன்று பேர் அதில் பதினொரு நாள் பயணம் போய்வந்தார்கள் என்பதை அதன் அளவைப் பார்த்தால் நம்ப முடியாது. நம் ஊர் ஷேர் ஆட்டோவில் இன்னும் தாராளமாக உட்காரலாம்.

மையத்தில் நீலச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்ப்பீர்கள். அது ஸ்பேஸ் கேம்ப், பிள்ளைகளுக்கான விண்வெளி முகாம், 1982-லிருந்து நடக்கிறது. உங்கள் பேரப்பிள்ளைக்கு ஒன்பது வயது ஆகியிருந்தால் மகளிடம் சொல்லி வையுங்கள். சக்கர நாற்காலிக்குத் தரை வசதியாகவே இருக்கிறது.

கேள்வி: கலாம் ஐயாவுக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? ஹிட்லரிடம் வேலை பார்த்தவரையா அங்கே கொண்டாடுகிறார்கள்?
- வாசகர், ராமநாதபுரம்

நேரடியாக இல்லை. கலாம் 1960-களில் அமெரிக்காவில் பயிற்சி பெற்றது வேறு நாசா மையங்களில். ஆனால் ஹன்ட்ஸ்வில்லின் பெரிய மனிதரான ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுன் இந்தியா வந்தபோது அவரைச் சென்னையில் வரவேற்று, விமானத்தில் திருவனந்தபுரம் பக்கம் தும்பா ராக்கெட் தளத்துக்கு அழைத்துப்போனவர் கலாம்தான்.

இரண்டாவது கேள்வி நியாயமானது. ஃபான் பிரவுன் ஹிட்லரின் நாஜிக் கட்சிக்காரர், அந்தக் கட்சியின் எஸ்.எஸ். படையில் பதவியும் இருந்தது. அவர் உருவாக்கிய வி-2 ஏவுகணைகளைச் சுரங்கத்துக்குள் செய்தவர்கள் டோரா வதைமுகாம் கைதிகள். அந்த முகாமில் ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா இவரையும் குழுவையும் அள்ளிக்கொண்டு வந்து, 1950-ல் பருத்தி விளைந்துகொண்டிருந்த ஹன்ட்ஸ்வில்லில் இறக்கியது. இன்று ஊரின் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர். குழுவில் இருந்த ஆர்தர் ருடால்ஃப் பின்னாளில் விசாரணைக்கு உள்ளாகி, அமெரிக்கக் குடியுரிமையை விட்டுவிட்டு 1984-ல் ஜெர்மனிக்கே திரும்பினார். எனக்கு அந்த அரங்கத்தின் பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம் உறுத்தும். மகளிடம் ராக்கெட்டைக் காட்டிய அன்றே, வீட்டுக்கு வந்து டோராவைப் பற்றியும் சொன்னேன். பதினோரு வயதுக்குப் புரிந்தது.

கேள்வி: ராக்கெட், பீர் இரண்டும் வேண்டாம் என்கிறவர்களுக்கு? வீட்டில் ஒரு கைக்குழந்தை, ஒரு பாட்டி.
- இல்லத்தரசி, நாகர்கோவில்

தாவரவியல் பூங்காவில் ஆரம்பியுங்கள். நூறு ஏக்கருக்கு மேல். கோடையில் வலை வீட்டுக்குள் பட்டாம்பூச்சிகளைத் திறந்துவிட்டிருப்பார்கள், தள்ளுவண்டியோடு உள்ளே போகலாம். கிறிஸ்துமஸ் சமயம் பூங்கா முழுக்க விளக்கு.

மான்டே சானோ மலைமேல் 'பர்ரிட்' என்ற பழைய மாளிகை. டாக்டர் ஒருவர் கட்டியது. சுவர்களுக்குள் வெப்பம் தடுக்க 2,200 கட்டு கோதுமை வைக்கோல் திணித்தார். நம் பாட்டிகள் கேட்டவுடனே சொல்வார்கள் என்ன ஆகுமென்று. ஆனது, 1936-ல் எரிந்து போனது. மனுஷர் திரும்பவும் கட்டி, திரும்பவும் வைக்கோலே வைத்தார். அது இன்றும் நிற்கிறது. பக்கத்தில் ஆடு, கோழி, பழங்கால விவசாய வீடுகள். கீழே முழு ஊரும் தெரியும்.

ஊர் நடுவில் பிக் ஸ்பிரிங் பூங்கா, சிவப்பு ஜப்பானியப் பாலம், தண்ணீரில் கொழுத்த மீன்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஹாரிசன் பிரதர்ஸ் என்று 1879-ல் தொடங்கிய இரும்புச் சாமான் கடை. இப்போது வரலாற்று ஆர்வலர்கள் நடத்துகிறார்கள். பழைய கல்லாப்பெட்டி, மர இழுப்பறைகள், கிளறி அள்ளிக்கொள்ளக் கோலிக்குண்டுகள். மாமனார் அங்கே ஒரு மணி நேரம் கோலி பொறுக்கினார். கூட்டி வந்த பேத்தி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை என்றால் லோ மில். 1901-ல் கட்டிய பஞ்சாலை, பிறகு அமெரிக்கச் சிப்பாய்களுக்கு பூட்ஸ் தைத்த தொழிற்சாலை. இப்போது நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஓவியர்கள், சிற்பிகள், இசைக்கருவி செய்பவர்கள் தனித்தனி அறை பிடித்து வேலை செய்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரியான எனக்கு அந்த ஓங்கின ஜன்னல்களையும் எண்ணெய் குடித்த மரத்தரையையும் பார்த்தால் மூடிப்போன நம் மில்கள் ஞாபகம் வரும். எத்தனை மில்லை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டோம்!

கேள்வி: சைவம். பட்டினிதானா?
- வாசகர், மயிலாப்பூர்

பட்டினி இல்லை. பீட்ஸா எங்கும் உண்டு, இந்தியக் கடைகளும் உண்டு. ஆனால் தெற்கத்திச் சாப்பாட்டில் ஏமாந்துவிடாதீர்கள், அவரையிலும் கீரையிலும்கூடப் பன்றி இறைச்சித் துண்டைப் போட்டு வேகவைப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். கிரிட்ஸ் என்பது சோள ரவைக் கஞ்சி, உப்பும் வெண்ணெயும் போட்டால் தாராளமாகச் சாப்பிடலாம். வெண்டைக்காயை மாவில் புரட்டிப் பொரிப்பார்கள், அது தெற்கத்திக்காரர்களின் உயிர்.

எல்லாவற்றையும் விட, அவித்த வேர்க்கடலை. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் மின் அடுப்புச் சட்டியில் உப்புத் தண்ணீரோடு கொதித்துக்கொண்டே இருக்கும். கரண்டியால் அள்ளி ஒரு குவளையில் தருவார்கள். மற்ற அமெரிக்கர்கள் இதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், தெற்கத்திக்காரர்கள் மட்டும் நம்மைப் போலத் தோலைக் கடித்துச் சாற்றை உறிஞ்சுவார்கள். முதல் தடவை பார்த்தபோது நான் காரை விட்டு இறங்கவில்லை, அங்கேயே ஒரு குவளையைக் காலி செய்துவிட்டு இன்னொன்று வாங்கி வரச் சொன்னேன்.

கேள்வி: கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?
- மாணவர், வேலூர்

முடியாது.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?
- வாசகி, கரூர்

அக்டோபர். ஜூலை, ஆகஸ்ட் வெயில் நமக்குப் பழகியதுதான், ஆனால் புழுக்கம் சென்னையைத் தோற்கடிக்கும். ஏப்ரலில் மரங்கள் அழகு, சூறாவளி அபாயமும் அப்போதுதான். சைரன் ஊதினால் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வராமல் ஜன்னல் இல்லாத அறைக்குள் போய்விடுங்கள். கோடை மாலையில் போனால் பக்கத்து மேடிசனில் 'டிராஷ் பாண்டாஸ்' அணியின் பேஸ்பால் ஆட்டம் பாருங்கள். குப்பைத் தொட்டியைக் கிளறும் ரக்கூனுக்கு அங்கே அப்படித்தான் செல்லப்பெயர். விதி புரியாவிட்டாலும் பிள்ளைகளுக்கு அந்த ரக்கூன் பொம்மை வேஷக்காரர் போதும்.

கேள்வி: தொலைந்த பெட்டிகளை விற்கிற கடை அந்தப் பக்கம் இருக்கிறதாமே?
- வாசகி, மதுரை

ஸ்காட்ஸ்பரோவில். முக்கால் மணி நேரக் கார்ப் பயணம். பெயர் 'அன்க்ளெய்ம்டு பேக்கேஜ்'. விமான நிறுவனங்கள் மாதக்கணக்கில் தேடியும் உரியவர் கிடைக்காத பெட்டிகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, துவைத்து, விலை போட்டு விற்கிறார்கள். 1970-ல் ஒருவர் 300 டாலர் கடனும் இரவல் வண்டியுமாகத் தொடங்கியது.

அத்தையை அங்கேயும் கூட்டிப்போனேன். கோட்டு, கேமரா, காதில் மாட்டும் கருவிகள் எல்லாவற்றையும் அலட்சியமாகத் தாண்டிப் போனவர், ஒரு மூலையில் நின்றுவிட்டார். துணிகளுக்கு நடுவே மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. ஃபால்ஸ் தைத்து, ரவிக்கைத் துணி வெட்டாமல் அப்படியே. அதற்குப் பக்கத்தில் ஹாங்கரில் தொங்கியது ஒரு நீச்சல் உடை. அத்தை புடவையின் முந்தானையை விரித்துப் பார்த்தார், உட்புறம் திருப்பி நெசவைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு எடுத்தது. ஒரு தடவைகூடக் கட்டலை" என்றார். விலை முப்பது டாலருக்கும் குறைவு. வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "எவளோ அழுதிருப்பா. அதை நான் கட்டவா?" என்று மடித்து, மடிப்புக் கலையாமல் நீவி, திரும்ப வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் அந்தப் பெண் எந்த ஊராக இருப்பாள் என்பதே பேச்சு. சின்னாளப்பட்டி இல்லை, ஆரணி இல்லை, நிச்சயம் காஞ்சிபுரம் என்று கடைசியில் முடிவானது.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்கள். பதினோரு வருடத்தில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை நாங்கள் நம்ப வேண்டுமா?
- 'நிஜம் சொல்லுங்கள்' வாசகர், சேலம்

ஒரு வாய். ஊரைக் காலி செய்வதற்கு முந்தின சனிக்கிழமை. வீட்டுச் சாமான் எல்லாம் போய்விட்டது, காரையும் விற்றாகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுபோய் விட்டார். ஓட்ட வேண்டியது இல்லை என்றதும் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் தன் மங்கிநாட்டை என் பக்கம் நகர்த்தினார். ஆறிப்போன வேப்பம்பூ ரசம். அதற்குப் போய் இத்தனை வருடம் பெட்ரோல் செலவழித்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கிளாஸை அவர் பக்கமே தள்ளினேன். மகள் அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு அலமாரிக் கதவைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.